சகலையின் நான்கு சக்கரங்கள்

என் சகலை மேல் எனக்குப் பொறாமை. இருந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இதை எழுதும்போதும் வயிற்றுக்குள் ஏதோ லேசாகக் கிள்ளுகிறது. அதனால் அப்படியே இருக்கட்டும்.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட நான்கு வயது இளையவன். ஆரப்பாளையத்தில் மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வைத்திருந்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியதை அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். நானோ உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இது ஒன்று போதாதா? மாமனார் வீட்டில் மூத்த மருமகன் என்ற நாற்காலியில் பல வருடம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. மதுரையில் வாத்தியார்களும் சின்னக் கடைக்காரர்களும் பழைய கார் வாங்கத் துணிந்திருந்த காலம். நான் வெள்ளையில் ஒரு சின்னக் கார் வாங்கினேன். உசிலம்பட்டியில் மாமனார் வீட்டு வாசலில் அதை நிறுத்திவிட்டு இறங்கும்போது சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இறங்குவேன். மூன்றே மாதம்தான். அவனும் வாங்கினான். அதே கம்பெனி, அதே மாடல், அதே வெள்ளை. அதையாவது பொறுத்துக்கொண்டேன். அடுத்த பொங்கலுக்கு அவன் வந்து இறங்கியபோது காரின் நான்கு காலிலும் அலாய் வீல் பளபளத்தது.

என் வண்டியில் கம்பெனி கொடுத்த கறுப்பு இரும்பு வீல். அதன் மேல் பிளாஸ்டிக் மூடி, அதிலும் ஒன்று எங்கோ கழன்று விழுந்துவிட்டது. அவன் வண்டியில் ஐந்து இதழ் விரித்த வெள்ளி வீல், அகலமான டயர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருவன் பட்டுவேட்டியிலும் இன்னொருவன் அழுக்குக் கைலியிலும் நின்ற மாதிரி இருந்தது. அன்றைக்கு மாமியார் செய்த பொங்கல் எனக்கு இறங்கவில்லை.

அதோடு போயிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அந்தச் சித்திரையில் என் மச்சினனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் திருமங்கலம். மண்டபமும் அங்கேதான். மாப்பிள்ளையை உசிலம்பட்டிப் பிள்ளையார் கோயிலில் மாலை போட்டுக் காரில் ஏற்றி, திருமங்கலம் மண்டப வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும். மாப்பிள்ளை கார் மூத்த மருமகனுடையது. அதில் பேச்சே கிடையாது என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவும்போது மாமனார் சாதாரணமாகச் சொன்னார்.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. நம்ம சின்ன மாப்ள வண்டியிலயே பையனக் கூட்டிட்டுப் போயிருவமா? பார்க்க லட்சணமா இருக்கு. உங்க வண்டியில சீர்த் தட்ட வச்சுக்கலாம்."

சீர்த் தட்டு! அதாவது நான் தேங்காய் பழம் ஏற்றிக்கொண்டு பின்னால் வர வேண்டும். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அதுக்கென்ன மாமா, கல்யாணத்துக்கு இன்னும் நாள் கெடக்கே, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் செக்கானூரணி தாண்டியதும் மனைவி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "என் தம்பி கல்யாணத்துல நான் தட்டு வண்டியில வரமாட்டேன்." எனக்கும் அதுதான். என் காரில் மாப்பிள்ளை ஏறினால் நான் மூத்த மருமகன். ஏறாவிட்டால் நான் வெறும் வாத்தியார்.

முதல் வேலை, அவன் போட்டிருந்தது என்ன சைஸ் என்று தெரிந்துகொள்வது. கேட்டால் சொல்லியிருப்பான். கேட்பேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரப்பாளையத்தில் அவன் வீட்டுத் தெருவுக்குப் போய், வாசலில் நின்ற காருக்குப் பக்கத்தில் செருப்பைச் சரிசெய்வது போலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். டயரின் பக்கவாட்டில் எழுத்து அச்சாகியிருந்தது. நூற்று ஐம்பத்தைந்து, சாய்கோடு, அறுபத்தைந்து, ஆர் பதின்மூன்று. சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து குரல் வந்தது.

"என்னண்ணே, செருப்பு அத்துப்போச்சா? வெயில்ல ஏன் உக்காந்திருக்கீங்க? இருங்க வாரேன்."

ஓடி வந்தான். கையில் ஒரு ஜோடி புதுச் செருப்பு. "இதப் போட்டுக்கங்க. அதக் குடுங்க, நான் தச்சு வைக்கிறேன்" என்றான். அறாத செருப்பை எப்படிக் கொடுப்பது? என்னுடையதை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, அவன் செருப்பில் வீடு வந்து சேர்ந்தேன். அது என் காலுக்கு அளவாகவும் இருந்து தொலைத்தது.

டயர்க் கடைக்காரர் சௌராஷ்டிரக்காரர். தன் தம்பியோடு அவர்கள் வீட்டு மொழியிலும் என்னோடு மதுரைத் தமிழிலும் மாறி மாறிப் பேசினார். கடைச் சுவர் முழுக்க அலாய் வீல் மாட்டியிருந்தது, பாத்திரக்கடையில் தாம்பாளம் மாட்டிய மாதிரி. நான் பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன்.

"இதான் சார் உங்க வண்டிக்கு அளவு. கண்ண மூடிட்டுப் போடலாம்" என்றார்.

"இதுக்கு மேல என்ன இருக்கு?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் என்பது. கடைசி எண் வீலின் குறுக்களவு, அங்குலத்தில். சொல்லி முடிப்பதற்குள் நான் பேனாவை எடுத்துவிட்டேன். கணக்கு வாத்தியாருக்கே கணக்கா? என் வண்டியின் பழைய டயர் மொத்த உயரம் ஐந்நூற்று எட்டு மில்லிமீட்டர். சகலையின் டயர் ஐந்நூற்று முப்பத்திரண்டு. நூற்று எழுபத்தைந்து அகலத்தில் அறுபது சதவீதம் போட்டால் ஐந்நூற்று நாற்பது. அவனுடையதற்கும் இதற்கும் எட்டே மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதுவும் விட்டத்தில். ஆரத்தில் பார்த்தால் நாலு. நாலு மில்லிமீட்டர் எங்கே போய் இடிக்கப் போகிறது?

"உயரம் சரி சார். அகலம்?" என்றார் கடைக்காரர். "நீங்க கைய வச்சிருக்கிற வீலு வேற வெளிய தள்ளி நிக்கிற மாடலு. நீங்க மட்டும் ஓட்டுனா ஒண்ணும் தெரியாது. பின்னாடி ஆளு ஏறி வண்டி அமுங்குச்சுன்னா டயரு மட்கார்டுல கடிக்கும். நூத்தம்பத்தஞ்சோட நின்னுக்கங்க."

அவர் சொன்னது எனக்குப் புரியாமலில்லை. இதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றாகவே புரிந்தது. ஆனால் அவன் நூற்று ஐம்பத்தைந்து, நானும் நூற்று ஐம்பத்தைந்து என்றால் அவனைப் பார்த்து நான் போட்டதாகத்தானே ஆகும்? நூற்று எழுபத்தைந்து என்ற எண்ணை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். முழுசாக இருபது கூடுதல். பரீட்சையில் இருபது மார்க் கூட வாங்கியது போல ஒரு குளிர்ச்சி.

வீலிலும் அப்படித்தான். அவனுடையது ஐந்து இதழ் என்பதால் நான் பன்னிரண்டு கம்பி வைத்ததை எடுத்தேன். ஐந்து இதழ்தான் அழகு என்று என் கண்ணுக்கே தெரிந்தது. எடுக்கவில்லை. கழற்றிய இரும்பு வீல்களை, ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தையும், கடையிலேயே தள்ளிவிட்டேன். "ஸ்டெப்னியாவது வச்சுக்கங்க சார், அவசரத்துக்கு ஆகும்" என்றார். அந்தக் கறுப்பு இரும்பு என் டிக்கியில்கூட இருக்கக் கூடாது என்று தோன்றியது. வேண்டாம் என்றேன். அவர் தம்பியிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார், தம்பி சிரித்தான். என்னைத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைக்கு அவர்கள் மொழியிலும் ஒரு சொலவடை இருக்கும்.

வண்டியைக் கொண்டுபோய் உசிலம்பட்டியில் நிறுத்தினேன். மாமனார் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து டயரில் கையை வைத்துப் பார்த்தார். "அடேயப்பா, எம்புட்டு அகலம்! லாரி டயரு மாதிரில இருக்கு" என்றார். மாப்பிள்ளை கார் அந்த நிமிடமே முடிவானது. சகலைக்கு விஷயம் போனதும் போனில் கூப்பிட்டான். வருத்தப்படுவான், ஒரு வார்த்தையாவது குறையும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். "ரொம்பச் சந்தோசம்ணே. மூத்தவரு வண்டியில போறதுதான் மொற. நான் தட்டு எடுத்துட்டு வாரேன்" என்றான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம். பிள்ளையார் கோயில் வாசலில் மச்சினனுக்கு மாலை போட்டு, நெற்றியில் பட்டம் கட்டிக் காரில் ஏற்றினார்கள். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். இப்படி ஏற்றிய மாப்பிள்ளை, மண்டப வாசலில் ஆரத்தி எடுக்கும்வரை தரையில் கால் வைக்கக் கூடாது. மாமனார் பெண் வீட்டாரோடு நிற்பதற்காக முன்னமே திருமங்கலம் போய்விட்டார். இங்கே எல்லாவற்றுக்கும் அதிகாரம் மாமியாரின் அக்காவிடம் இருந்தது. எல்லோருக்கும் அவர் பெரியம்மா.

நான், மாப்பிள்ளை, என் மனைவி, பெரியம்மா, சித்தி முறையில் இரண்டு பேர் என்று ஏறி உட்கார்ந்தோம். சின்னக் காரில் அதுவே மூச்சு முட்டியது. கிளப்பப் போனேன். பெரியம்மா உள்ளே இருந்தவர்களை எண்ணிவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"ஏய், ஆறு பேரால்ல இருக்கோம்? நல்ல காரியத்துக்கு ரெட்டப்படையாப் போகலாமா? ஒண்ணு கூட ஏறுங்கப்பா!"

"ஒண்ணு எறங்குங்க பெரியம்மா" என்றேன்.

"ஏறுனவங்கள எறக்குறதா? நல்லாருக்கே ஞாயம்!"

ஏறியது மாப்பிள்ளையின் தாய்மாமன். எடை போட்டால் இரண்டு ஆளுக்குச் சமம். அவர் பின் சீட்டில் தன்னைத் திணித்துக்கொண்டு கதவைச் சாத்தியபோது வண்டி உட்கார்ந்ததை என் இடுப்பால் உணர்ந்தேன். கடைக்காரர் முகம் ஒரு கணம் வந்து போனது.

ஊர் எல்லை தாண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் பின்னாலிருந்து 'கர்ர்' என்று கேட்டது. மெதுவாகப் போனேன். பள்ளம் வந்தபோதெல்லாம் கேட்டது. "என்னங்க சத்தம்?" என்றாள் மனைவி. "ரோடு சரியில்ல" என்றேன். கொஞ்ச தூரத்தில் ரப்பர் கருகும் வாடை வந்தது. "காட்டுல எவனோ பழைய டயரக் கொளுத்துறான்" என்றார் தாய்மாமன். நானும் ஆமாம் என்றேன். பாதி வழியில், இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட பருத்திக் காடு, ஒரு மரம்கூட இல்லாத இடத்தில், பின் டயர் ஒன்று படாரென்று வெடித்தது.

இறங்கிப் பார்த்தேன். இடது பின் டயர் மட்கார்டின் ஓரத்தில் உரசி உரசி அறுந்திருந்தது. வலது டயரில் நூல் தெரிந்தது. என்னிடம் ஸ்டெப்னி இல்லை. மாலையோடு காருக்குள் இருக்கும் மச்சினன் கீழே கால் வைக்கக் கூடாது. மண்டபத்தில் மேளக்காரர்கள் காத்திருப்பார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

பின்னால் தட்டு வண்டி வந்து நின்றது. சகலை இறங்கினான். டயரைப் பார்த்தான், மட்கார்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இப்போது சொல்வான் என்று நின்றேன். வாத்தியாருக்குக் கணக்குத் தெரியவில்லையே என்று ஒரு சொல். நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அவன் பட்டுவேட்டியை மடித்துக் கட்டினான். "ரெண்டு வண்டியும் ஒரே வண்டிதானண்ணே. என் வீலக் கழட்டி உங்களுக்கு மாட்டிருவோம்" என்றான்.

"பின்னாடி ரெண்டும் போதும்" என்றேன்.

"முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னா மாப்ள வண்டி நல்லாவா இருக்கும்? நாலையும் மாத்துவோம். எம்புட்டு நேரம் ஆகப்போகுது?"

இரண்டு ஜாக்கி, இரண்டு ஸ்பேனர். மற்றவர்களெல்லாம் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். மச்சினனை மட்டும் மாலையும் பட்டமுமாக உள்ளே வைத்தே வண்டியைத் தூக்கினோம். ஒவ்வொரு மூலையாக அவன் ஏறி இறங்கினான். ஜன்னல் வழியாக, "மச்சான், கீழ விட்றாதீங்க" என்றான். சித்திமார் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பம்பு ரிப்பேர் செய்த கை, நட்டுகளை மளமளவென்று கழற்றியது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

அவன் வண்டிக்கு என் பன்னிரண்டு கம்பி வீல் மூன்றும், அவனுடைய இரும்பு ஸ்டெப்னி ஒன்றும் போனது. ஆளில்லாத வண்டி என்பதால் நூல் தெரிந்த டயர் மெதுவாக ஓட்டினால் தாங்கும் என்றான். பெரியம்மா எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "மாப்ள வண்டி டயரு வெடிச்சுச்சுன்னு ஒருத்தரும் மண்டபத்துல மூச்சு விடக் கூடாது. அபசகுனம்பாங்க" என்றார். மறுபடி ஏழு பேரும் ஏறினோம். வண்டி பூப்போலப் போனது. ஒரு சத்தமில்லை. இரண்டாவது தடவையாக அவனுடையதைப் போட்டுக்கொண்டு நான் என் வழியில் போனேன்.

மண்டப வாசலில் மேளம் கொட்டியது. ஆரத்தி எடுத்தார்கள். போட்டோக்காரர் மாப்பிள்ளை இறங்குவதைக் காரோடு சேர்த்து எடுத்தார். பெண் வீட்டுக்காரர் ஒருவர் வீலைத் தட்டிப் பார்த்து, "யாரு வண்டிங்க? சோக்கா இருக்கே" என்றார். "எங்க மூத்த மாப்ள" என்றார் மாமனார், வீல் மாறியிருந்ததைக் கவனிக்காமல், என் தோளில் கையை வைத்து. எத்தனை வருடம் காத்திருந்த கை அது.

அப்போதுதான் தட்டு வண்டி வந்தது. மூன்று வெள்ளி வீல், ஒரு கறுப்பு வீல், நொண்டி வருவது போல வந்து நின்றது. சகலை இறங்கினான். பட்டுவேட்டி முழுக்கக் கரி. மாமனாருக்கு மூக்கின்மேல் கோபம் ஏறியது.

"என்ன மாப்ள இது கோலம்? இம்புட்டு நேரம் எங்க போனீங்க? சம்பந்தகாரங்க முன்னால மானம் போகுது."

"பஞ்சராயிருச்சு மாமா, என் வண்டி. அண்ணன்தான் கூட நின்னு ஒத்தாச பண்ணாரு. அதான் லேட்டு."

"நல்ல நாளும் அதுவுமா வண்டியப் பார்த்து எடுத்துட்டு வரக் கூடாதா?" என்று கத்தினார் மாமனார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் அவருக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா மாப்ள?"

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அபசகுனம் என்று பெரியம்மா போட்ட பூட்டே போதுமான சாக்கு. நான் வாயைத் திறந்தேன்.

"சொன்னாக் கேட்டாத்தான மாமா" என்றேன்.

சகலை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளும் அந்தக் காரில் வந்தவள்தானே. அன்று பந்தியில் அவள் தன் தங்கை புருஷனுக்கு முதலில் இலை போட்டாள். என் இலையை யாரோ போட்டார்கள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் அவனே வீட்டுக்கு வந்து வீல்களை மாற்றிக் கொடுத்தான். காப்பி குடித்தான். "டயரு மட்டும் நூத்தம்பத்தஞ்சு போட்டுக்கங்கண்ணே, இந்த வீலுக்கு ஒக்காரும்" என்றான். போட்டேன். அந்தக் காரை விற்கும்வரை அவன் எண்ணில்தான் ஓட்டினேன்.

மாமனார் வீட்டு முன்னறையில் அந்தப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. மாலையோடு மச்சினன், வெள்ளைக் கார், ஐந்து இதழ் வீல். யார் வந்தாலும் மாமனார் விரலை வைத்துக் காட்டுவார். "இது எங்க மூத்த மாப்ள வண்டி." போன தீபாவளிக்கும் காட்டினார். சகலை என் பக்கத்தில்தான் நின்றான். "ஆமா மாமா, அண்ணன் வண்டின்னா வண்டிதான்" என்றான். அவன் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஒரே ஒரு தடவை, யாரும் இல்லாத நேரத்திலாவது, அவன் எனக்கு அதைச் சொல்லிக்காட்டியிருந்தால் நான் அவனை எப்போதோ மன்னித்திருப்பேன்.